‘டெட்’ ஆன போனும் எழுதி வாங்காத ரசீதும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்த போன் ரிப்பேர் கடையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இரவு ஷிப்ட் முடித்து வந்த இளைஞர் போனை மேசையில் வைக்கிறார். “அண்ணே, லோகோவோட நிக்குது.” என்ன பண்ணினாய் என்று கேட்டால் தயங்குகிறார். வீடியோ பார்த்து பூட்லோடரைத் திறந்து, கம்பெனி தராத மாற்று சாப்ட்வேரான கஸ்டம் ரோம் ஏற்றப் போயிருக்கிறார். பாதியில் கேபிள் ஆடிவிட்டது.

பூட்லோடர் என்பது போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சிறு நிரல். ஆண்ட்ராய்டை எழுப்பிவிடுவது அதுதான். அதில் கைவைத்துத் தவறினாலும் பெரும்பாலான போன்கள் உடனே செத்துவிடுவதில்லை. பதற்றத்தில் கிடைத்த ஃபைலையெல்லாம் அடுத்தடுத்து போனில் ஏற்றி ஃபிளாஷ் அடிப்பதில்தான் சாகின்றன.

முதலில் கையை எடுக்க வேண்டும். வேறு நல்ல கேபிளில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும். பிறகு பவர், வால்யூம் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் திரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாம்சங் என்றால் டவுன்லோட் மோட். வந்தால் பிழைத்தது. அதே மாடல், அதே நாட்டுக்கான கம்பெனி சாப்ட்வேரைப் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். திரை கறுப்பாகவே இருந்தால் கம்ப்யூட்டரில் இணைத்து டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். ‘குவால்காம் எச்எஸ்-யுஎஸ்பி க்யூடிலோடர் 9008’ என்ற வரி தெரிந்தால் சிப்பில் உயிர் இருக்கிறது என்று பொருள். ஆனால் பல கம்பெனிகள் அந்த வழியில் சாப்ட்வேர் ஏற்றத் தங்கள் அங்கீகாரக் கணக்கைக் கேட்கின்றன. அதற்குச் சர்வீஸ் சென்டர்தான் போக வேண்டும்.

பழைய பதிப்புக்குத் திரும்பும் ஆசையும் ஆபத்தானது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ போன்களில் அதை ஏற்றியபின் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுளே எச்சரித்தது. கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது இன்னொரு தவறு. பல போன்கள் அந்த ஒரு கட்டளையிலேயே படுத்துவிடுகின்றன. கம்பெனி சாப்ட்வேர் முழுதாக ஏறி, போன் ஓடிய பிறகே பூட்ட வேண்டும்.

படங்கள் திரும்புமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பூட்லோடரைத் திறந்தபோதே உள்ளே இருந்தவை அழிந்துவிட்டன. இன்றைய போன்களில் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அழிந்தபின் மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்கக் கூடாது.

கடையில் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ள வேண்டும். ரசீதின் பின்புறம் ஒன்பது புள்ளி போட்டு பேட்டர்னை வரைந்து கொடுப்பது ஒரு கெட்ட பழக்கம். எல்லாம் அழிந்து புது சாப்ட்வேர் ஏறும் வேலைக்குப் பேட்டர்ன் தேவையே இல்லை. வேலை முடிந்ததும் போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கலாம். அதை உரிமையாளர் தன் கையால் போட வேண்டும்.

தவறான ஃபிளாஷில், போனை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண் காணாமல் போவதுண்டு. அப்போது “வேற நம்பர் எழுதித் தரேன்” என்று யாராவது சொன்னால் உடனே போனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கக்கூடிய குற்றம். கையில் வந்த போனை, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கலாம்.

இனி காகிதம். இதில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். சர்வீஸ் சென்டரில் “வாரன்ட்டி கிடையாது” என்று வாயால் சொன்னதைக் கேட்டுத் திரும்பக் கூடாது. மறுப்புக்கான காரணத்தையும் கட்டண மதிப்பீட்டையும் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்க வேண்டும். பூட்லோடரைத் திறந்ததை மறைத்துப் பயனில்லை. அங்கீகரிக்கப்படாத சாப்ட்வேர் ஏறியதைப் பதியும் சாம்சங்கின் நாக்ஸ் குறி ஒருமுறை மாறினால் திரும்பாது. கெடுத்தது கடைக்காரர் என்றால் மாடல், ஐஎம்இஐ, கோளாறு, தொகை, தேதி எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீது இல்லாவிட்டால் யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்த வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த உதவி எண் சமரசம் பேசும். உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான். வடசென்னை ஆணையம் பூங்கா நகரில் இருக்கிறது. இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. குடியிருக்கும் இடத்திலேயே தொடரலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். திருவொற்றியூர் வட்டம் 2018-ல்தான் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. முகவரிச் சான்றில் பழைய மாவட்டமே இருக்கும் எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் எந்த ஆணையத்தில் கொடுப்பது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

போன் வந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐ ஸ்டிக்கரையும் வாங்கிய பில்லையும் இன்றே படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள்.