கணினி ‘இல்லை’ என்று சொன்ன அரசாணை

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். பத்தாம் வகுப்பில் படிக்கும் செவித்திறன் குறையுடைய மாணவி ஒருத்தியின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். “டீச்சர், பக்கத்து ஊர்ல ஒரு பிள்ளைக்கு ஒரு மொழிப்பாடம் எழுத வேண்டாம்னு விலக்கு கொடுத்தாங்களாம். நம்ம பிள்ளைக்கும் கிடைக்குமா? அதுக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?” என்று கேட்டார். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். எந்த ஆணை, என்னென்ன இணைக்க வேண்டும் என்பது தெரியவில்லை. ஆய்வகப் பொறுப்பும் என்னிடம்தான் என்பதால், அலுவலகக் கணினியில் நானே நிறுவி வைத்திருந்த தேடல் நிரலைத் திறந்து ‘மாற்றுத்திறனாளி விலக்கு’ என்று தட்டினேன். முடிவுகள் பூஜ்யம். “நம்மகிட்ட அப்படி ஒண்ணும் வரலைங்க, கேட்டுச் சொல்றேன்” என்று அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வேறு எதற்கோ பீரோவைக் கிளறிய இளநிலை உதவியாளர் அந்த ஆணையின் நகலை எடுத்து வந்தார். விண்ணப்பம் அனுப்ப ஒரே ஒரு நாள் மீதி இருந்தது. ஓடியாடி அனுப்பிவிட்டோம். ஆனால் அன்று மாலை எனக்கு மனம் ஆறவில்லை. அதே கணினியில் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பொருத்தமான கோப்புகள் மூன்று அங்கேயே இருந்தன. ஒன்று ஸ்கேன் செய்த அரசாணை. இன்னொன்று பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய செயல்முறைகள். மூன்றாவது ஒருங்குறியில் சுத்தமாக இருந்த சுற்றறிக்கை. ஆனால் அதில் ‘ஊனமுற்றோர்’ என்று எழுதியிருந்தது. தேடல் நிரல் பொய் சொல்லவில்லை. அதனிடம் இருந்த அமைப்புகளை நான்தான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

நான் சொல்லும் நிரலின் பெயர் ரீகால். ‘ரீகலெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்துகள்தான் அதன் பெயர். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுக்கான கட்டற்ற மென்பொருள். உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் கிடைக்கிறது. இதன் அடியில் ஸாப்பியன் என்ற தேடல் தரவுத்தளம் இயங்குகிறது. மேலே நாம் பார்ப்பது தேடல் பெட்டியும் முடிவுப் பட்டியலும் மட்டும்.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது. நாம் சொல்லைத் தட்டும்போது ரீகால் நம் கோப்புகளுக்குள் தேடுவதில்லை. முன்பே எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் வருகிறது என்று ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்திருக்கிறது. தேடல் நடப்பது அந்தச் சொல்லடைவில். அதனால்தான் ஆயிரக்கணக்கான கோப்புகளிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வருகிறது. சொல்லடைவில் ஏறாத சொல் அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத சொல். ஆகவே அமைப்புகளை மாற்றுவது என்பது பெரும்பாலும் எது சொல்லடைவில் ஏற வேண்டும், எப்படி ஏற வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான்.

‘பிரிஃபரன்சஸ்’ பட்டியில் ‘இன்டெக்ஸ் கான்ஃபிகரேஷன்’ என்பதைத் திறந்தால் முதலில் வருவது, எந்தக் கோப்புறைகளைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல். இயல்பாக நம் முகப்புக் கோப்புறை மட்டும் இருக்கும். எங்கள் அலுவலகக் கோப்புகளில் பாதி வேறொரு வட்டுப் பகுதியில் கிடந்தன. அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதன் கீழேயே தவிர்க்க வேண்டிய பாதைகளின் பட்டியலும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மாற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம். நிரலோடு வரும் மூல அமைப்புக் கோப்பு தனி இடத்தில் பத்திரமாக இருக்கிறது. நாம் செய்யும் மாற்றங்கள் மட்டும் முகப்புக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான கோப்புறைக்குள், சாதாரண உரைக் கோப்பாகப் பதிவாகின்றன. குழப்பிவிட்டோம் என்று தோன்றினால் அந்த உரைக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு நிரலை மறுபடி திறந்தால் போதும், எல்லாம் பழையபடி. யூனிக்ஸ் உலகில் எனக்குப் பிடித்த வழக்கம் இது. எந்தப் பொத்தான் எங்கே என்று நினைவில் இல்லாவிட்டாலும், அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இனி என் மூன்று கோப்புகள்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்பது படம், அதில் எழுத்து இல்லை. டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரலையும் அதன் தமிழ்த் தொகுப்பையும் நிறுவினால், ரீகால் அதைக் கூப்பிட்டுப் படத்திலிருந்து எழுத்தைப் பெற்றுக்கொள்ளும். இதை நான் அமைப்பு உரைக் கோப்பில் கையால்தான் எழுதினேன்: பி.டி.எஃப்புக்கு எழுத்துணரி வேண்டும், அது டெசராக்ட், மொழி தமிழும் ஆங்கிலமும் என்று. மாறிகளின் சரியான பெயர்கள் உதவிப் பட்டியில் உள்ள கையேட்டில் இருக்கின்றன. எழுதிவிட்டுச் சொல்லடைவைப் புதுப்பித்தேன், ஒன்றும் மாறவில்லை. அரைநாள் விழித்த பிறகுதான் புரிந்தது. வழக்கமான புதுப்பிப்பு, கடந்தமுறைக்குப் பின் மாறிய கோப்புகளை மட்டுமே படிக்கும். பழைய ஸ்கேன்கள் மாறவில்லை, ஆகவே தொடப்படவில்லை. முழுச் சொல்லடைவையும் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும். ஸ்கேன்கள் அதிகமென்றால் நேரம் பிடிக்கும்; சனிக்கிழமை காலை தொடங்கிவிட்டு வேறு வேலை பாருங்கள். எழுத்துணர்ந்த உரையை அது சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த முறை இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

எழுத்துணரியை முழுதாக நம்பவும் வேண்டாம். நகலுக்கு நகல் எடுத்து மங்கிய தாளில் துணைக்காலையும் ‘ர’வையும் நாமே சில நேரம் குழப்பிக்கொள்கிறோம், இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. நான் செய்யும் எளிய காப்பு, கோப்பின் பெயர். உள்ளடக்கத்தைப் படிக்க முடியாத கோப்பின் பெயரும் சொல்லடைவில் ஏறுகிறது. ‘ஸ்கேன்_0047’ என்று கிடந்ததை ‘செவித்திறன் மொழிப்பாட விலக்கு அரசாணை’ என்று பெயர் மாற்றியதும் அடுத்த தேடலில் வந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிக் கவலை தீரும்.

பாமினி கோப்புதான் உண்மையான தலைவலி. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழகிய கை விடுமா? அதற்கு முன் தட்டச்சு செய்தவை மட்டுமல்ல, அதற்குப் பின் வந்த பல வினாத்தாள்களும் கடிதங்களும்கூடப் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. பாமினி போன்ற எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ‘தேர்வு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதில் ‘ர்’ மேல் உள்ள புள்ளிக்கு ஆங்கில அரைப்புள்ளிக் குறி. சொல்லடைவு அதை நிறுத்தற்குறி என்று எடுத்துக்கொண்டு சொல்லை அங்கேயே இரண்டாக வெட்டுகிறது. ‘வ’வுக்கும் ‘வு’வுக்கும் ஒரே விசை, சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பதே வேறுபாடு. ரீகாலோ இயல்பாகப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. எனவே வெட்டுப்பட்ட துண்டுகளும் அடையாளம் இழந்துவிடுகின்றன. ஆங்கில விசைப்பலகையில் பாமினி முறையில் தட்டித் தேடிப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஓரிரு சொற்களுக்குக் கிடைத்தது, பெரும்பாலும் குப்பை.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. உரை எதுவும் கிடைக்காத பி.டி.எஃப்பை மட்டுமே ரீகால் எழுத்துணரிக்கு அனுப்பும். பாமினியில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கிய கோப்பில் ‘உரை’ இருக்கிறது, புரியாத ஆங்கில எழுத்துகளாக. ஆகவே அது எழுத்துணரிக்குப் போகாது. சொல்லடைவில் ஏறியதாகவே கணக்காகும், ஆனால் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் அகப்படாது. ஸ்கேன் கோப்பைவிட இது மோசம். தீர்வு, ஒருங்குறிக்கு மாற்றுவதுதான். இணையத்தில் மாற்றிகள் பல உண்டு. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ‘ஓப்பன்-தமிழ்’ நூலகத்தில் இதற்கான கருவி இருக்கிறது. மாணவர் விவரம் உள்ள கடிதங்களை இணைய மாற்றியில் ஒட்ட வேண்டாம். எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லையென்றால் முக்கியமான பத்து, இருபது ஆணைகளை மாற்றி, மூலக் கோப்பின் பக்கத்திலேயே உரைக் கோப்பாகச் சேமியுங்கள்.

நம் கணினியில் இப்படி எவ்வளவு கிடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘டூல்ஸ்’ பட்டியில் ‘டெர்ம் எக்ஸ்ப்ளோரர்’ என்று ஒன்று உண்டு. சொல்லடைவில் உள்ள சொற்களையே அது பட்டியலிட்டுக் காட்டும். நட்சத்திரக் குறியோடு ‘தேர்வ*’ என்று கொடுத்துப் பாருங்கள். எத்தனை வடிவங்கள், ஒவ்வொன்றும் எத்தனை கோப்புகளில் என்று வரும். எந்த ஆங்கில அகராதியிலும் இல்லாத சொற்கள் மண்டிக்கிடந்தால் அவை பழைய எழுத்துருவின் எச்சம்.

‘தேர்வு*’ என்று கேட்காமல் ‘தேர்வ*’ என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உருபு ஏறும்போது ஈற்று உகரம் கெட்டு ‘தேர்வில்’, ‘தேர்வை’ என்றாகிவிடும். ‘வு’வோடு நிறுத்தினால் ‘தேர்வுக்கு’, ‘தேர்வுகள்’ மட்டும்தான் வரும். ‘புத்தக*’ என்றால் புத்தகமும் புத்தகத்தையும் கிடைக்கும். ‘மர*’ என்று மட்டும் கேட்காதீர்கள். மரத்தோடு மரபு, மரணம் எல்லாம் வந்து நிற்கும். சொல்லின் முன்னாலும் நட்சத்திரம் இடலாம். ‘பொதுத்தேர்வு’ என்று சேர்த்து எழுதியவர்களுக்காக அது தேவைப்படும். ஆனால் மெதுவாக இருக்கும். அமைப்புகளில் அடிச்சொல் காணும் மொழி என்று ஒரு பட்டியல் உண்டு. இயல்பாக ஆங்கிலம் இருக்கும். உங்கள் பதிப்பில் தமிழும் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். விதிகளைக் கொண்டு உருபுகளை வெட்டும் முறை அது. புணர்ச்சி விதிகள் எல்லாம் அதற்குத் தெரியாது. நான் நட்சத்திரத்தையே அதிகம் நம்புகிறேன்.

மூன்றாவது கோப்பு சொல் மாறியதால் தப்பியது. நேற்று ‘ஊனமுற்றோர்’, இன்று ‘மாற்றுத்திறனாளிகள்’. சொல் மாறியது நல்லதுதான். ஆனால் பழைய ஆணை பழைய சொல்லோடுதான் இருக்கும். ரீகாலில் ஒத்த சொற்களுக்கென ஓர் உரைக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். ஒரு வரியில் ஒத்த சொற்களை இடைவெளி விட்டு எழுத வேண்டும். அவற்றில் ஒன்றைத் தேடினால் மற்றவற்றையும் சேர்த்துத் தேடும். கோப்பு இருக்கும் இடத்தை இடைமுக அமைப்புகளில் தேடல் பக்கத்தில் காட்டினால் போதும். எங்கள் கோப்பின் முதல் வரி ‘ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி மாற்றுத்திறனாளிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு’. உருபு ஏறிய வடிவங்களையும் எழுதிவிட்டேன். ‘சுற்றறிக்கை’, ‘செயல்முறைகள்’, ‘குறிப்பாணை’ மூன்றும் அலுவலக நடைமுறையில் ஒன்றல்லதான். தேடுபவருக்கு வேறுபாடு நினைவிராது என்பதால் அவற்றையும் ஒரே வரியில் போட்டேன். தலைமை ஆசிரியர் இதைப் பார்த்துவிட்டு, மூத்த ஆசிரியர்களிடம் கேட்டு மேலும் பத்து வரி சேர்த்தார். இந்த வேலையைக் கணினி தெரிந்தவரைவிட, கோப்பு தெரிந்தவர் நன்றாகச் செய்வார்.

முடிவுகள் தெரியும் விதத்தையும் மாற்றலாம். தமிழ் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்துருவின் அளவைக் கூட்டுங்கள். பட்டியலுக்குப் பதில் அட்டவணையாகக் காட்டச் செய்தால் தேதி வரிசையில் அடுக்கலாம். ஆனால் அந்தத் தேதி பெரும்பாலும் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதி, ஆணையின் தேதி அல்ல. ஆணையின் ஆண்டைக் கோப்பின் பெயரிலேயே சேர்ப்பது நல்லது.

தவிர்க்கும் பட்டியலுக்கு வருகிறேன். சொல்லடைவில் சொற்கள் மட்டுமல்ல, முடிவில் துணுக்கு காட்டுவதற்காக ஆவணத்தின் உரையும் சேமிக்கப்படுகிறது. அதாவது, மாணவரின் ஆதார் எண்ணோ சாதிச் சான்றோ உள்ள கோப்பு ஏறியிருந்தால், யார் பெயரைத் தட்டினாலும் அது திரைக்கு வரும். கோப்பை அழித்த பிறகும் அடுத்த புதுப்பிப்பு வரை அதன் சுவடு இருக்கும். ஆகவே சேர்க்கைப் பதிவுகள், சான்றிதழ்கள், உடல்நல விவரங்கள் உள்ள கோப்புறைகளை முதல் நாளிலேயே தவிர்க்கும் பட்டியலில் எழுதிவிட்டு, பிறகு சொல்லடைவைக் கட்டுங்கள். மாணவர்கள் அமரும் ஆய்வகக் கணினியில் ஆசிரியருக்குத் தனிப் பயனர் கணக்கு இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

புதுப்பிக்கும் நேரத்தையும் அதே பட்டியில் குறிக்கலாம். கையேடுகள் இரவில் வைக்கச் சொல்லும். நம் பள்ளிக் கணினிகள் இரவில் அணைந்திருக்கும். நான் மதியம் ஒன்றேகால் மணி என்று வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் கணினியும் ஓடிக்கொண்டிருக்கும், எல்லோரும் சாப்பிடப் போயிருப்போம். மின்தடையால் ஒருநாள் தவறினால் மறுநாள் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை, கணினியில் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் ஆணையைத் தேடிப் பார்க்கிறேன். சென்ற மாதம் அதுவும் வரவில்லை. யாரோ அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள்.