கேஸ் மாத்திரைக்கு அடங்காத வயிற்று எரிச்சலா? கிருமியும் காரணமாக இருக்கலாம்!

முகையூர் பக்கம் யாராவது வயிறு எரியுதுன்னு சொன்னா, "காரத்தைக் குறைங்க, ஒரு கேஸ் மாத்திரை போடுங்க" என்பார்கள். மாத்திரை போட்டால் அடங்கும். நாலு நாளில் திரும்ப வரும். உங்களுக்கும் இப்படித் தொடர்கிறதா? ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம்.

அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது?

இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். இது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கிறது. பிறகு இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றும். சிகிச்சை எடுக்காவிட்டால் பல ஆண்டுகள், ஏன், ஆயுள் முழுக்கவும் இருக்கும்.

1982-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதைக் கண்டுபிடித்தனர். நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பயப்பட வேண்டுமா?

கிருமி இருக்கும் பலருக்கு எந்தத் தொந்தரவும் வராது. சிலருக்கு அல்சர் வரும். மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் அல்சரை உண்டாக்கும். அதனால் நீங்களே முடிவு கட்டாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்?

● முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேல் பரிசோதனைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

● மூச்சு, மலம் அல்லது எண்டோஸ்கோபி பரிசோதனையில் கிருமி தெரியும். கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். முடிவு தவறாக வரக்கூடும்.

● சிகிச்சை பொதுவாக 14 நாள். எரிச்சல் நின்னுடுச்சுன்னு பாதியில் நிறுத்தாதீர்கள். தப்பிய கிருமிக்கு மருந்து கேட்காமல் போகலாம். முடிந்த பிறகு, கிருமி போய்விட்டதா என மறுபரிசோதனை அவசியம்.

● கழிப்பறை போய்வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்பால் கை கழுவுங்கள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள். ஸ்மார்ட்போனில் இ-சஞ்சீவனி செயலி வழியாகவும் டாக்டரிடம் பேசலாம். ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ காத்திருக்காதீர்கள், உடனே 108!