தூரம் சொல்லும் கேமரா

பழைய பிலிம் கேமராக்களுக்கு மறுபடியும் கிராக்கி வந்திருக்கிறது. விலை, தோற்றம், பிலிமின் நிறம் என்று பேச்சு நிறைய ஓடுகிறது. ஃபோகஸ் எப்படி நடக்கிறது என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதேயில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்குகிறவர் முதலில் வாங்குவது தூரத்தை அளக்கும் கருவியைத்தான். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் இடைவெளி. பெரிய ஜன்னல் வழியே காட்சியைப் பார்க்கிறோம். சின்ன ஜன்னல் வழியே நுழையும் அதே காட்சியின் ஒரு துண்டு, உள்ளே பாதி ஒளியை மட்டும் விடும் கண்ணாடியில் பட்டு, வியூஃபைண்டரின் நடுவில் சிறு கட்டமாக வந்து விழுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸின் பின்புறம் ஒரு சிறு உருளையைத் தள்ளும். உருளை நெம்புகோலை அசைக்க, இரண்டாவது பிம்பம் பக்கவாட்டில் நகரும். எதிரே நிற்பவரின் மூக்கு இரண்டாகத் தெரிந்தால் ஃபோகஸ் ஆகவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிட்டால் லென்ஸ் சரியான தூரத்தில் நிற்கிறது. நில அளவையில் முக்கோணம் போட்டுத் தூரம் காண்கிற அதே கணக்கு.

எஸ்.எல்.ஆர். கேமராவின் வழி வேறு. லென்ஸ் பார்ப்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். மங்கலா, தெளிவா என்று கண்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைந்த அறையில் வைட் லென்ஸ் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாமே தெளிவாக இருப்பதுபோல் ஏமாற்றும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தத் தடுமாற்றம் இல்லை. கோடு கோட்டோடு சேர்ந்ததா, இல்லையா, அவ்வளவுதான். டெலி லென்ஸ் என்று வந்தால் எஸ்.எல்.ஆர்.தான் சிறந்தது. 1959-இல் நிகான் எஃப் வந்தபின் தொழில்முறைப் படக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் கற்றுத்தருகிற ஒன்றை வேறெந்தக் கேமராவும் கற்றுத்தருவதில்லை. அதன் வியூஃபைண்டரில் முன்னால் நிற்பவரும் பின்னால் தெரியும் மலையும் ஒரே தெளிவில் இருப்பார்கள். படத்தில் எது கூர்மையாக விழும், எது கரையும் என்பதைக் கண் சொல்லாது. மனக்கணக்குதான் சொல்ல வேண்டும். 35 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து 3 மீட்டருக்குத் திருப்பினால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை நிற்பவர்கள் எல்லோரும் தெளிவாக விழுவார்கள். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.4-இல் திறந்து ஒரு மீட்டரில் முகம் எடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அவர் சற்றே முன்னால் சாய்ந்தால் கண்கள் கலங்கிப்போகும். இப்படிப் பழகியவர், தெருவில் எதிரே ஒருவர் வரும்போதே தூரத்தைக் கணித்து, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன் வளையத்தைத் திருப்பி முடித்திருப்பார்.

1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவுக்குள் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. கண்ணால் மதிப்பிட வேண்டும். அல்லது தனிக் கருவியை மேலே செருகித் தூரத்தைப் படித்து, அந்த எண்ணுக்கு லென்ஸைத் திருப்ப வேண்டும். லைக்கா II, கான்டாக்ஸ் இரண்டும் 1932-இல் தூரம் அளக்கும் கருவியையும் லென்ஸையும் இணைத்தன. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளிலும் கண்மதிப்பை நம்பி நல்ல படங்கள் எடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்தக் கண்மதிப்பு மறைந்துவருகிறது என்பதுதான் என் கவலை. 1977-இல் கோனிகா சி35 ஏ.எஃப். வந்தது; பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா. அதற்குள்ளும் இரண்டு ஜன்னல் கணக்குதான். இரண்டு பிம்பங்களை ஒப்பிடும் வேலையை மின்னணுச் சில்லு எடுத்துக்கொண்டது. இன்றைய கேமராக்களும் பல செல்போன்களும் லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டே தூரத்தைக் கண்டுபிடிக்கின்றன. தத்துவம் அப்படியே இருக்கிறது, பொருத்திப் பார்த்த மனிதர் மட்டும் வெளியே போய்விட்டார். கூட்டத்தில் எந்த முகத்தைப் பிடிப்பது என்பதையும் இப்போது கருவியே தேர்ந்தெடுக்கிறது. முன்வரிசையில் சிரிக்கும் பேரனைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்று அவனைப் பார்க்கும் பாட்டியைக் கரைத்துவிடுகிறது. படம் பளிச்சென்று இருப்பதால் இழந்தது என்னவென்று யாருக்கும் உறைப்பதில்லை. செல்போனில் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ‘அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்?’ என்ற கேள்வியே எழ வாய்ப்பில்லை. 2025-இல் லைக்காவின் எம் வரிசையிலேயே ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத, மின்னணு வியூஃபைண்டர் வைத்த மாடல் வந்துவிட்டது.

விளையாட்டுப் படமும் பறவைப் படமும் எடுப்பவர்களுக்கும், பார்வை மங்கியவர்களுக்கும் ஆட்டோஃபோகஸ் பெரிய வரம், அதை மறுக்கவில்லை.

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குகிறவர்கள் முதலில் வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்தி, தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தைப் பாருங்கள். பிம்பங்கள் ஒன்று சேராவிட்டால், எங்கோ இடிபட்டு உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அது சரியானபின், பிலிம் போடாமலே வீட்டில் ஒரு நாற்காலியைப் பார்த்து ‘இரண்டரை மீட்டர்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பிம்பங்களைப் பொருத்தி, வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அடுத்து கதவு, அடுத்து ஜன்னல், அடுத்து தெருமுனையில் நிற்கும் சைக்கிள்.