1,000 மணி நேர வீடியோவில் 20 வினாடி காட்சி! 5 நிமிடத்தில் தேடிப் பிடிக்க ஒரு போட்டி

கல்யாண வீடியோவில் ஒரே ஒரு காட்சியைத் தேடி இருக்கிறீர்களா? முன்னால ஓட்டி, பின்னால ஓட்டி கை சலித்துவிடும். 4 மணி நேர வீடியோவுக்கே இந்தப் பாடு. 1,000 மணி நேரம் என்றால்? தினமும் 8 மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் முடிக்க 125 நாள் ஆகும்.

இதை 5 நிமிடத்தில் முடிக்கச் சொல்லி வெளிநாட்டில் ஒரு போட்டியே நடக்கிறது. பெயர் 'வீடியோ பிரவுசர் ஷோடவுன்'. 2012-ம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் கிளாகன்பர்ட் நகரில் முதன்முதலாக நடந்தது. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தாங்கள் செய்த தேடும் சாப்ட்வேருடன் வந்து மோதுகிறார்கள்.

2019-ம் ஆண்டு போட்டிக்கு 7,475 வீடியோக்கள் கொடுக்கப்பட்டன. மொத்தம் 1,000 மணி நேரம். பெரிய திரையில் 20 வினாடி காட்சி ஓடும். வீடியோவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காட்சி எந்த வீடியோவில், எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படி தேடுகிறது?

கம்ப்யூட்டர் முழு வீடியோவையும் பார்ப்பது இல்லை. முன்கூட்டியே காட்சி காட்சியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு படங்களை எடுத்து வைத்துக்கொள்கிறது.

அடுத்து, 'மெஷின் லேர்னிங்'. அதாவது நிறைய உதாரணங்களைக் காட்டி கம்ப்யூட்டரைப் பழக்குவது. அமெரிக்காவின் ஓபன் ஏ.ஐ. நிறுவனம் 2021-ல் வெளியிட்ட 'கிளிப்', 40 கோடி படங்களையும் அவற்றுடன் இருந்த வாசகங்களையும் வைத்துப் பழக்கப்பட்டது. அது படத்தையும் எண்களாக மாற்றும், நாம் எழுதும் வாசகத்தையும் எண்களாக மாற்றும். இரண்டும் நெருங்கி வந்தால் 'இதுவாக இருக்கலாம்' என்று எடுத்துக் கொடுக்கும். 'மழையில் சிவப்புக் குடை பிடித்த பெண்' என்று அடித்தால் போதும்.

ஆனால் வந்து நிற்பது ஒரு படம் அல்ல, நூற்றுக்கணக்கில்! அத்தனையையும் கலந்து கொட்டினால் கண் திணறும். அதனால், காய்கறிக் கடையில் தக்காளி ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம் அடுக்குவது போல, ஒரே மாதிரி படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். கடற்கரைக் காட்சி வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் முழுவதையும் தாண்டிப் போய்விடலாம். இந்த அடுக்குவதே தனி ஆராய்ச்சி.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. தேடிய காட்சி உள்ளே இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. இருப்பதில் நெருக்கமானதை முன்னால் தள்ளிவிடும். கண்காணிப்பு கேமரா பதிவில் 'சிவப்புச் சட்டை ஆள்' என்று தேடினால், அந்த ஆள் அந்தப் பக்கமே வராவிட்டாலும், சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு சிவப்புச் சட்டைக்காரர் முதல் இடத்தில் நிற்பார். ஆளைப் பார்த்து உறுதி செய்யாமல் பிடித்தால் பாவம், அவர் கதி என்ன?

போட்டியிலும் தவறான காட்சியை அனுப்பினால் மார்க் குறையும். கடைசியில் 'இதுதான்' என்று பட்டனை அழுத்துவது மனுஷன்தான். சாப்ட்வேரை அதுவரை தொட்டே பார்க்காதவர்களைப் பார்வையாளர்களில் இருந்து கூப்பிட்டு உட்கார வைத்துத் தேடச் சொல்லும் சுற்றும் இந்தப் போட்டியில் நடந்து உள்ளது.