லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கு பாஸ்!

நெய்வேலிக்காரரா நீங்க? அப்படின்னா 2020 பிப்ரவரியை மறந்திருக்க மாட்டீங்க. என்.எல்.சி. சுரங்கத்துல 'மாஸ்டர்' ஷூட்டிங். நடுவுல வருமான வரித்துறையினர் வந்து விஜய்யை சென்னைக்கு அழைச்சுட்டுப் போக, அவர் திரும்பி வந்ததும் ஊரே திரண்டு நின்னது. வண்டி மேல ஏறி அவர் எடுத்த செல்ஃபிதான் அந்த வருஷம் இந்தியாவுல அதிகம் ரீ-ட்வீட் ஆன பதிவு. 'அந்தக் கடைசி வரிசைப் புள்ளி நான்தான்'னு ஜூம் பண்ணிக் காட்டாத ஆள் உண்டா நம்ம வட்டத்துல?

அப்படியே 2021 ஜனவரிக்கு வாங்க. 13-ம் தேதி 'மாஸ்டர்' ரிலீஸ். சுமார் 400 திருட்டுத் தளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் முன்கூட்டியே உத்தரவு போட்டாச்சு. ஆனா, 11-ம் தேதியே படத்தோட காட்சிகள் லீக்! ஒன்றரை வருஷ உழைப்பு, தயவுசெஞ்சு பகிராதீங்கன்னு இயக்குநர் லோகேஷ் கனகராஜ் கெஞ்சாத குறை. தளத்தை முடக்கலாம், ஃபார்வர்டு பண்ற விரலை எந்த கோர்ட் முடக்கும்?

'நான் ஃபார்வர்டு எல்லாம் பண்றதில்ல, டோரன்ட்ல இறக்கி தனியா பார்க்கிறேன், அவ்ளோதான்'னு சொல்றீங்களா? அங்கதான் சிக்கலே.

பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-ல் உருவாக்கியது பிட்டோரன்ட். நம்ம பக்கத்து ஊர் பண்ருட்டி பலாப்பழம் மாதிரி நினைச்சுக்கோங்க. ஃபைல் முழுசா ஒரே இடத்துல இருந்து வராது, நூறு பேர்கிட்ட இருந்து சுளை சுளையா வரும். உங்க கைக்கு வந்த சுளையை உடனே அடுத்தவருக்கு நீட்டுறதும் நீங்கதான். அதாவது, டவுன்லோடு நடக்கும்போதே அப்லோடும் நடக்குது. யாரிடம் எந்தச் சுளை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே வாங்க முடியும்? அதனால எல்லாருடைய ஐ.பி. முகவரியும் எல்லாருக்கும் தெரியும். உங்க டோரன்ட் சாஃப்ட்வேர்ல 'பியர்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்க, வரிசையா எண்கள் ஓடும். அவங்க திரையில ஓடுற எண்கள்ல உங்களோடதும் ஒண்ணு.

காப்புரிமை கண்காணிப்பு நிறுவனங்கள் செய்றதும் இதேதான். ஹேக்கிங் எல்லாம் கிடையாது. அவங்களும் ஒரு சுளை கேட்டு வரிசையில நிப்பாங்க, எண்ணையும் நேரத்தையும் குறிச்சுக்குவாங்க. அந்த நேரத்துல அந்த எண் யார் கனெக்‌ஷனுக்குப் போனதுன்னு இணைய நிறுவனத்தின் பதிவுல இருக்கும். குவார்ட்டர்ஸ்ல கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு? அப்பா பேர்ல!

சும்மா பார்ப்பது குற்றமில்லை, விநியோகிப்பதுதான் குற்றம்னு 2016-ல் 'டிஷூம்' இந்திப் பட வழக்கில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் தெளிவுபடுத்தினார். நல்ல செய்திதான். ஆனா, சுளை கொடுக்கிறவர் வெறும் பார்வையாளரா? 1957-ம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. லாப நோக்கம் இல்லைன்னா நீதிமன்றம் குறைக்கலாம். ஆனா, இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம்னு 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜேமி தாமஸ் என்ற பெண்ணுக்கு வெறும் 24 பாட்டுக்காக 2,22,000 டாலர் தீட்டினார்கள்!

நம்ம ஊர் போலீஸ் துரத்துறது பெரும்பாலும் மூலத்தைத்தான். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் 'ராயன்' படத்தை செல்போனில் பதிவு செய்த மதுரை இளைஞர் கையும் களவுமாகப் பிடிபட்டார். இப்பெல்லாம் தியேட்டர் பிரதியில கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கும். திருட்டு பிரின்ட்டைச் சோதிச்சா எந்தத் தியேட்டர், எந்த ஷோ வரைக்கும் சொல்லிடும்.

அதுக்காக டோரன்ட்டையே திட்டாதீங்க, பாவம். லினக்ஸ் வேணுமா? உபுண்டு தளத்துக்குப் போங்க, அவங்களே டோரன்ட் லிங்க் வெச்சிருக்காங்க. சுளையை எத்தனை பேருக்கு வேணும்னாலும் நீட்டுங்க, அப்பா பேருக்கு ஒரு லெட்டரும் வராது.