கார்ட்லெஸ் டிரில் வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் ஓட்டை போடும் வேலை ஒன்று வந்தே தீரும். ரவுட்டரைச் சுவரில் மாட்ட வேண்டும். டேபிளின் பின்பக்கம் ஒயர்கள் இறங்க ஒரு வட்டத் துளை வேண்டும். மானிட்டரை ஆர்ம் போட்டுத் தூக்கி நிறுத்த ஆசை வரும். நான்கு ஓட்டைக்காக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் இன்று, நாளை என்று இழுப்பார். நாமே ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கிவிட்டால் என்ன என்று கடைக்குப் போகிறோம். அங்கே முதலில் கண்ணில் படுவது ஒயர் இல்லாத கார்ட்லெஸ் டிரில்தான்.

கம்ப்யூட்டர் இதழில் டிரில்லுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கார்ட்லெஸ் டிரில்லுக்குள் இருப்பவை உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவைதான். லேப்டாப்பில் இருக்கும் அதே வகையான பேட்டரி, நல்ல மாடல் என்றால் கம்ப்யூட்டர் ஃபேனில் இருக்கும் அதே வகையான மோட்டார், இரண்டையும் கட்டுப்படுத்த ஒரு சர்க்யூட் போர்டு. கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர், ராம் என்று விசாரித்து வாங்கிய நீங்கள், இதையும் அப்படியே விசாரித்து வாங்கலாம்.

வோல்ட் கணக்கு

பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பவை தனித்தனி லித்தியம் அயான் செல்கள். பெரும்பாலும் 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசியில் உள்ள பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. பழைய, தடித்த லேப்டாப் பேட்டரிகளிலும் இதே அளவு செல்கள்தான் இருந்தன. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுமையாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட்.

இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் போதும், அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நீங்களே சரிபார்த்துவிடலாம். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 5 x 3.6 = 18 வோல்ட். அதே ஐந்து செல்களும் முழு சார்ஜில் இருந்தால் 21 வோல்ட். ஆகவே ஒரு கம்பெனி 18 வோல்ட் என்றும், இன்னொரு கம்பெனி '20 வோல்ட் மேக்ஸ்' என்றும், மற்றொன்று 21 வோல்ட் என்றும் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். எண் பெரிதாக இருக்கிறதே என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 12 வோல்ட் என்பது மூன்று செல். அதன் சராசரி 10.8 வோல்ட்தான்.

ஆன்லைனில் 48, 88, 128 என்று பெரிய எண்களோடு மலிவு விலையில் டிரில்கள் விற்கின்றன. சிலவற்றில் எண்ணுக்குப் பின்னால் 'விஎஃப்' என்று இருக்கும். வோல்ட் போலத் தெரியும். ஆனால் அது மாடல் பெயர். பக்கத்து வீட்டு நண்பர் அப்படி ஒன்றை வாங்கி, "128 வோல்ட்டு சார்!" என்று பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 128 வோல்ட்டுக்கு 36 செல்கள் வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம். செல்கள் மட்டுமே ஒன்றரை கிலோவைத் தாண்டிவிடும். அவர் கொண்டுவந்த பேட்டரியோ உள்ளங்கையில் அடங்கியது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தோம். அவுட்புட் 21 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதாவது ஐந்து செல். சந்தேகம் வந்தால் நீங்களும் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பெட்டியின் முகப்பு பெரிதுபடுத்தும். சார்ஜரின் முதுகு அவ்வளவாகப் பொய் சொல்லாது.

ஆம்பியர் அவர்

அடுத்த எண் ஆம்பியர் அவர். இது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்பது மாதிரி. வோல்ட்டையும் இதையும் பெருக்கினால் வாட் அவர் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். 4 ஆம்பியர் அவர் என்றால் 72 வாட் அவர். பல லேப்டாப்களின் பேட்டரி 40 முதல் 60 வாட் அவர் வரை இருக்கும். டிரில்லின் கைப்பிடிக்கு அடியில் இருப்பது ஒரு லேப்டாப் பேட்டரிக்குச் சமமான சரக்கு என்பதை மனதில் வையுங்கள். (ஊருக்கு விமானத்தில் கொண்டு போகிறவர்கள் கவனிக்க: உபரி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் அவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.)

அப்படியானால் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அந்தச் செல்களை டிரில் பேட்டரியில் போட்டுவிடலாமே? கூடாது. லேப்டாப் சாதாரண வேலையில் 15, 20 வாட் எடுக்கும். டிரில் கடினமான மரத்தில் திணறும்போது 400 வாட் கூட இழுக்கும். 18 வோல்ட்டில் 400 வாட் என்றால் 22 ஆம்பியர். ஐந்து செல் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் அந்த 22 ஆம்பியரையும் கொடுத்தாக வேண்டும். டிரில்லுக்கென்றே தயாரான செல் அதைத் தாங்கும். லேப்டாப் செல் சூடாகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பேட்டரிக்குப் புது செல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த வகை செல் போடுகிறார் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும்

பிரிண்டர் வாங்கியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். பிரிண்டரின் விலை குறைவு. கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனால்தான் தெரியும். கார்ட்லெஸ் டிரில்லிலும் அதேதான். ஒவ்வொரு கம்பெனியின் பேட்டரியும் ஒவ்வொரு வடிவம். ஒன்று இன்னொன்றில் நுழையாது. ஒரே கம்பெனிக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. பாஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டு உபயோக மெஷினின் 18 வோல்ட் பேட்டரி, அதே நிறுவனத்தின் நீல நிற தொழில்முறை மெஷினில் பொருந்தாது.

நல்ல கம்பெனிகளில் மெஷினை மட்டும் தனியாக, பேட்டரி இல்லாமல் குறைந்த விலைக்குத் தருவார்கள். முதலில் டிரில், பேட்டரி, சார்ஜர் சேர்ந்த செட்டை வாங்கிவிட்டால், பிறகு ஜிக்ஸா, புளோயர் என்று மெஷினை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். புளோயர் கம்ப்யூட்டர் கேபினட்டின் தூசியை ஊதவும் உதவும். ஃபேன் வேகமாகச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஆங்கிள் கிரைண்டர் என்று ஒன்றும் இருக்கிறது. நம் வீட்டில் கிரைண்டர் என்றால் மாவு ஆட்டுவது. இது இரும்பும் டைல்ஸும் அறுப்பது. பழக்கம் இல்லாதவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

ஆகவே கடையில் நான் முதலில் கேட்பது டிரில்லின் விலையை அல்ல. தனி பேட்டரி என்ன விலை, இந்த ஊரிலேயே கிடைக்குமா என்றுதான் கேட்பேன். 'அது ஆர்டர் பண்ணித்தான் சார் வரும்' என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். லித்தியம் பேட்டரி, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். இன்னும் சில வருடங்கள் கழித்து மாற்று பேட்டரி கிடைக்காவிட்டால், நன்றாக ஓடும் மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உங்களுக்கு எது தேவை?

வருடத்துக்கு இரண்டு முறை சுவரில் ஓட்டை போடுவது மட்டும்தான் வேலை என்றால் கார்ட்லெஸ் வேண்டாம். ஒயர் உள்ள சாதாரண ஹேமர் டிரில் போதும். விலை குறைவு, பலம் அதிகம். பத்து வருடம் பரணில் கிடந்தாலும் பிளக்கைச் செருகினால் ஓடும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஸ்குரூ முடுக்குவது, மரத்தில் துளை போடுவது, அலமாரி பூட்டுவது என்று அடிக்கடி வேலை இருந்தால் கார்ட்லெஸ் அருமையானது. கரண்ட் போனாலும் ஓடும். மரவேலைக்கு 12 வோல்ட்டே போதும், கையும் வலிக்காது. செங்கல் சுவரும் உண்டு என்றால் 18 வோல்ட் ஹேமர் டிரில் வாங்குங்கள். கான்கிரீட் தூண், லிண்டல் இவற்றில் சாதாரண ஹேமர் டிரில், ஒயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூச்சல் போடுமே தவிர உள்ளே போக அடம் பிடிக்கும். அதற்கு உள்ளே பிஸ்டன் வைத்து அடிக்கும் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

'பிரஷ்லெஸ்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பழைய வகை மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும். அது தேயும், சூடாகும். பிரஷ்லெஸ் மோட்டாரில் உரசல் இல்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை சர்க்யூட்டே தீர்மானிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஃபேன் வருடக்கணக்கில் ஓடுவதும் இப்படித்தான்.

வேலையை ஆரம்பிப்போம்

சக்கிற்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அது கிளட்ச். குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் கிர்ர்ர் என்று சத்தம் போட்டு, ஸ்குரூவை மேலும் திருகாமல் விட்டுவிடும். எண் 1 மிக லேசான இறுக்கம். ஸ்குரூ முடுக்கும்போது சின்ன எண்ணில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பார்ட்டிகிள் போர்டு டேபிளில் ஒரேயடியாக முடுக்கினால் ஸ்குரூ துளையையே அரைத்துவிடும். பிறகு அது நிற்காது. துளை போடும்போது மட்டும் டிரில் பிட் படம் போட்ட இடத்துக்கு வளையத்தைத் திருப்புங்கள். மேலே உள்ள கியர் பட்டனில் 1 ஸ்குரூவுக்கு, 2 துளைக்கு. மெஷின் நின்ற பிறகுதான் கியரை மாற்ற வேண்டும்.

கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் இந்த மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். மதர்போர்டு ஸ்குரூக்கள் சின்னவை, கையால் திருப்புளி பிடித்து முடுக்க வேண்டியவை. மானிட்டரின் பின்னால் ஆர்ம் மாட்டும் நான்கு எம்4 ஸ்குரூக்களும் அப்படியே. அவை 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்கும். நீளமான ஸ்குரூவை மெஷினால் ஏற்றினால் உள்ளே இருக்கும் பாகத்தைக் குத்திவிடும்.

டேபிளில் ஒயர் இறங்கும் துளைக்கு 60 மில்லிமீட்டர் ஹோல்ஸா வாங்கி, மெதுவான வேகத்தில் போடுங்கள். நடுவில் உள்ள பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மீதியைக் கீழிருந்து போட்டால் மைக்கா பெயராது. அதற்கு முன்பு கம்ப்யூட்டரை ஆஃப் செய்து டேபிளில் இருந்து இறக்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே டேபிளை அதிரவைப்பது ஆபத்து. சுவரில் போடுவதாக இருந்தாலும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து துணி போட்டு மூடுங்கள். செங்கல் பொடியை உள்ளே இழுக்க ஃபேன் தயாராக இருக்கும்.

சுவரில் 6 மில்லிமீட்டர் ராவல் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் மேசன்ரி பிட். பிளக் நீளத்துக்கு பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் ஆழம் தெரியும். துளைக்குக் கீழே ஒரு பழைய கவரை வாய் திறந்த மாதிரி ஒட்டிவிட்டால் பொடி அதில் விழும். டைல்ஸ் என்றால் முதலில் ஹேமரை ஆஃப் செய்யுங்கள். மேலே செலோடேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டினால் பிட் வழுக்காது. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். உள்ளே பைப்பில் ஒயர் போகும். குளியலறையின் மறுபக்கச் சுவர் என்றால் தண்ணீர்க் குழாயையும் யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போடலாம். கார்ட்லெஸ் மெஷினில் அந்த வசதி உண்டு. கண்ணாடி அணியாமல் தலைக்கு மேல் துளை போட வேண்டாம்.

பேட்டரியைப் பாதுகாக்க

'முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்' என்று சிலர் சொல்வார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது தேவையில்லை. மெஷின் வேகம் குறைந்ததும் நிறுத்திச் சார்ஜ் போடுங்கள்.

இதற்குப் பெரிய எதிரி சூடு. வேலை முடிந்த கையோடு கொதிக்கும் பேட்டரியைச் சார்ஜரில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். நல்ல சார்ஜர் தானே காத்திருந்து ஆரம்பிக்கும், மலிவானது காத்திருக்காது. மே மாத வெயிலில் காருக்குள்ளோ, தகரக் கூரைக்கு அடியிலோ பேட்டரியை விட்டுவைக்க வேண்டாம். பல மாதங்கள் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில், மெஷினில் இருந்து கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு மீதி என்று பாருங்கள். வேறு கம்பெனி சார்ஜரின் முனை பொருந்துகிறதே என்று செருக வேண்டாம். இரவு முழுக்க சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

பேட்டரியின் உறை விரிந்தாலோ, இனிப்பான கெமிக்கல் வாசனை வந்தாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போட்டுப் பரிசோதிக்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை லாரி அமுக்கும்போது தீப்பிடிக்கும். 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரிப்பது விற்ற கம்பெனியின் பொறுப்பு. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ, இ-வேஸ்ட் வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.