புயற்காலத்தில் சிகிச்சை தடைபடாதிருக்க

2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் ஆந்திர மாநிலம் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னையிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. எனினும், அதற்கு முன் பெய்த பெருமழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பகுதிகளில் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நம் சுற்றுவட்டார ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவே கடலை அடைகிறது. ஆகவே மழை நின்ற பின்னரும் தண்ணீர் வடியத் தாமதமாகும். தொடர் சிகிச்சை பெறுவோருக்குக் காற்றைவிட, சிகிச்சை தடைபடும் அந்த நாள்களே பேராபத்து.

டயாலிசிஸ் பெறுவோர்: புயல் எச்சரிக்கை வந்த உடனே டயாலிசிஸ் பிரிவை அழைத்து, அடுத்த முறையை முன்கூட்டியே செய்துகொள்ள இயலுமா எனக் கேளுங்கள். ஒருமுறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் சேரும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பு பாதிக்கப்படும். குடிநீர் கிடைக்கவில்லை என்று இளநீர் அருந்துவதும், பசிக்கு வாழைப்பழம் உண்பதும் பிறருக்கு நன்று, உங்களுக்கு ஆபத்து. பழச்சாறு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றையும் தவிர்த்து, நீரின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், தசைத் தளர்ச்சி, படபடப்பு தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இன்சுலின் பயன்படுத்துவோர்: மின்சாரம் நின்றதும் இன்சுலின் கெட்டுவிடும் என அஞ்சி ஊசியை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகளை 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத, வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம். நீர் புகாத உறையிலிட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானையில் வைப்பது நன்று. பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கலாகாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. உணவு குறையும் நாள்களில் மருந்தின் அளவை எவ்வாறு மாற்றுவது என்பதை இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெள்ளநீரில் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம். காயம்பட்டாலும் வலி தெரியாது. இறங்க நேர்ந்தால், பின்னர்ப் பாதங்களைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் குடும்பத்தினரிடம் காட்டுங்கள். ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ளநீரில் நடந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும்.

குடும்பத்தினருக்கு: அக்டோபர் தொடக்கத்திலேயே இரு வாரத்துக்கான மருந்துகள், மருந்துச்சீட்டு, காப்பீட்டு அட்டை, அண்மைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் வையுங்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி இயங்குமானால், மாற்றுச் சிலிண்டரை ஏற்பாடு செய்யுங்கள். தாழ்வான தெருவில் வசிப்போர், மேடான பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு நோயாளியை முதல் நாளே அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் வாசலை எட்டிய பின் ஆம்புலன்ஸ் வருவதே கடினம். அவசர மருத்துவ உதவிக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

முன்கூட்டியே அழைப்பதை எவருக்கும் தொந்தரவு என எண்ண வேண்டாம். அந்த அழைப்பையே நாங்கள் எதிர்பார்க்கிறோம்.